காடாத் துணியில் எங்கள் தெரு: ஒரு நன்றி மடல்

அன்புடையவர்களுக்கு, வணக்கம். இடிக்கப்பட்ட எங்கள் தெருவை, காடா என்னும் வெளுக்காத பருத்தித் துணியில் நாங்கள் வரைந்து வைத்தோம். அதற்குத் துணை நின்றவர்களுக்கான மடல் இது.

இந்த மடலின் முதல் நன்றி, நான் பெயர் கேட்கத் தவறிவிட்ட ஒருவருக்கு. எங்கள் தெருவை இடிக்க வந்த ஜேசிபி வண்டியின் ஓட்டுநர் அவர். அன்று காலை இட்லி ஆயா வீட்டு ஆட்டுக்கல்லை மட்டும் எங்களால் எடுக்க முடியவில்லை. தரையில் குழி பறித்து, சிமெண்டு பூசிப் பதித்த கல். ஆயாவின் பேரன் கடப்பாரையோடு ஒண்டியாகப் போராடிக்கொண்டிருந்தான். மேற்பார்வைக்கு வந்தவர்கள் நேரமாகிறது என்று கடிந்துகொண்டார்கள். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். பையன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி, நான்கு பக்கமும் பொறுமையாக நெம்பி, அரை மணி நேரத்தில் ஒரு கீறல் விழாமல் பெயர்த்துக் கொடுத்தார். "எங்கள் அம்மா வீட்டிலும் இப்படித்தான் பதித்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார். பிறகு வண்டியில் ஏறித் தம் வேலையைச் செய்தார்.

ஐயா, இந்த ஆடியில் நாங்கள் கூழ் ஊற்றியபோது, தொட்டுக்கொள்ளத் துவையல் அரைத்தது அந்தக் கல்லில்தான். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆயா சொல்லச் சொன்னார்.

எங்கள் தெருவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். புதுச்சேரியில் கடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, வாய்க்கால் கரையை ஒட்டி வளைந்து போன தெரு. வீடும் கடையுமாக 61 வாசல்கள். ரோடியர், சுதேசி, பாரதி என்று மூன்று பஞ்சாலைகள் ஓடிய ஊர் இது. எங்கள் தெருவில் மூன்றுக்கும் போகிறவர்கள் இருந்தார்கள். சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவார்கள். என் அப்பா தறிப் பிரிவு. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசு வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் கோலத்தோடு அவர்கள் முதலில் வந்து நிற்பது வீட்டு வாசலில் அல்ல, டீக்கடை வாசலில். ஒரு டீயும் ஒரு பொறையும் ஆன பிறகுதான் பேச்சே வரும். பக்கத்தில் ரொட்டிக்கடை. விறகு அடுப்பிலிருந்து நீள ரொட்டி எடுக்கிற நேரமும் அதுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த மணத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. என் தாத்தா அந்தக் கூட்டத்தில் இருந்தவர். எங்களுக்கு அது பாடப்புத்தகத்துச் செய்தியாக வந்து சேரவில்லை, பூவாக வந்தது. ஒவ்வொரு ஜூலை 30-க்கும் முந்தைய இரவு எங்கள் பூக்கார அம்மா திண்ணையில் உட்கார்ந்து அஞ்சலிக்கான மாலைகளைக் கட்டுவார். அந்த மாலைகளுக்கு அவர் ஒரு முறையும் காசு வாங்கியதில்லை. அம்மா, தெரு போன பிறகும், பஸ் பிடித்து வந்து நீங்கள் அதைச் செய்வதை நான் பார்த்தேன். நன்றி.

ரோடியர் ஆலை 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. மற்ற இரண்டின் சங்கும் இப்போது ஊதுவதில்லை. தெரு மட்டும் அதன் பிறகும் இருந்தது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எங்கள் வீட்டில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. வாய்க்காலை அகலப்படுத்தத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அகலப்படுத்தும் கோடு முழுவதும் எங்கள் கரையிலேயே விழுந்ததில் எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை உண்டு. அதை வேறோர் இடத்தில் பேசிக்கொள்கிறேன்.

ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள். அந்த ஒரு வாரத்தில் தெரு தன்னைத் தானே பிரித்துக்கொண்டது. ஓடுகளை இறக்கி அடுக்கினோம். கதவு, ஜன்னல், கடைப் பலகை, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றினோம். எங்கள் ஊருக்கு இது ஒரு பழைய கதை. பாரதி பூங்காவின் நடுவே வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம் யார் நினைவுக்கு என்று சிறுவயதில் எல்லோரும் கேட்டிருப்போம். கிருஷ்ணதேவராயர் ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம். அது தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்க ஆணையிட்டாராம். என் வீட்டை நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம் ஆயி. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அந்த மண்டபம்தான். ஆணைக்கு அஞ்சாத அவள் பெருமையைத்தான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். என் அத்தை தன் கல்யாணத்துக்கு வைத்த வாசல் நிலையைத் தானே சுத்தியலால் தட்டிக் கழற்றியபோதுதான், ஆயியும் முதலில் எந்தக் கதவைக் கழற்றியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

பிறகு ஆளுக்கொரு திசையானோம். லாஸ்பேட்டை, வில்லியனூர், தவளக்குப்பம், சிலர் கடலூர் வரை. மறுபடி எல்லோரும் ஒன்றாகக் கூடியது ஒரு சாவு வீட்டில். காரியம் முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில், சோடாக்கடை சலூனுக்கு முன்பா பின்பா என்று ஒரு பேச்சு எழுந்தது. பத்து பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. தெரு போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி என்றால், இன்னும் பத்து வருடத்தில் என்ன மிஞ்சும் என்று பயந்தேன். எங்காவது வரைந்து வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

வரையக் காகிதம் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு தறியில் நின்ற பெரியப்பா ஒரு காடாத் துணிச் சுருளைக் கொண்டுவந்து போட்டார். ஆலையில் தொழிலாளர் விலைக்கு வாங்கி இருபது வருடத்துக்கும் மேலாகத் தகரப் பெட்டியில் வைத்திருந்த துணி. பிரித்துப் பார்த்தால் ஓரிடத்தில் இழை தப்பியிருந்தது. பெரியப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தப் பழுது என் தறியில்தான் விழும் என்றார். ஒரு மனிதர் தம் கைப்பிழையை அவ்வளவு பாசத்தோடு தொட்டதை நான் பார்த்ததில்லை. பெரியப்பா, அந்த இழை தப்பிய இடத்தை அப்படியே விட்டிருக்கிறோம். அங்கே உங்கள் வீட்டு வாசல் வருகிறது.

தெருவை வரைய ஒரு பன்னா, அதாவது துணியின் ஓர் அகலம், போதவில்லை. இரண்டு பன்னாவை இணைத்துத் தைத்துக் கொடுத்தவர் எங்கள் தையல்காரர். இப்போது அவர் மூன்றாவது மாடியில் இருக்கிறார். சிங்கர் மெஷினை நான்கு பேர் சேர்ந்து படியேற்றினார்களாம். பதினெட்டு அடி நீளத்துக்கும் ஒரு சுருக்கம் இல்லாத தையல். கூலி கேட்டதற்கு, அந்தத் துணியில் தன் கடைக்கும் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, அண்ணா. பச்சைக் கதவு போட்டிருக்கிறோம்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் தரையில் மண்டியிட்டு வரைந்த இரண்டு மாணவிகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர்கள் எங்கள் தெருவைப் பார்த்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, நாங்கள் ஒருபோதும் கேட்டுக்கொள்ளாத கேள்விகளைக் கேட்டார்கள். டீக்கடை பெஞ்சுக்கு எத்தனை கால், தெருக்குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கும், மாவு மில்லில் வரிசை உள்ளேயா வெளியேயா, வெயில் எந்தச் சுவரில் முதலில் விழும். கடைகளின் பெயரைப் பலகையில் இருந்தபடி எழுதவா, நீங்கள் கூப்பிட்டபடி எழுதவா என்று கேட்டவளுக்குத் தனி நன்றி. கூப்பிட்டபடியே எழுதினோம். துணியில் இப்போது பாய் சைக்கிள் கடை இருக்கிறது, அண்ணாச்சி கடை இருக்கிறது, சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரின் வீடு அது.

அந்தச் சொல்தா வீட்டுப் பேரன் பிரான்சிலிருந்து பதினோரு புகைப்படங்கள் அனுப்பினார். எல்லாம் கல்யாணப் படங்கள், மஞ்சள் நீராட்டுப் படங்கள். தெருவை யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. நாங்களும் தேடித் தேடிப் பார்த்துவிட்டோம். ஆனால் மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் விறகுத் தொட்டி தெரிகிறது. மாப்பிள்ளை ஏறிய காரின் கண்ணாடியில் சலூன் பலகை இடம் வலமாகத் தெரிகிறது. தம்பி, அந்தக் கண்ணாடியை நீங்கள் பெரிதாக்கி அனுப்பியிருக்காவிட்டால் சோடாக்கடைச் சண்டை இன்னும் தீர்ந்திருக்காது. சோடாக்கடை சலூனுக்குப் பின்புதான். எழுந்து போன இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

அண்ணாச்சி மகளைப் பற்றி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூன்று ஆலைகளில் ஒன்றில் வேலை நின்று, சம்பளம் வராமல் மாதக்கணக்கில் கிடந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்ததே இல்லை. அது எப்படி என்று எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சி கடையில் கணக்கு எழுதிக்கொண்டே போனார். கேட்டு வாங்கப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள் என்று, பிள்ளைகளை அனுப்பச் சொல்வார். நான் கொண்டுபோன பையில் கேட்ட பொருளோடு ஒரு வெல்லத் துண்டும் இருக்கும்.

அண்ணாச்சி காலமாகிவிட்டார். அவருடைய கணக்கு நோட்டுகளை மகள் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அதில் பெயர்கள் இல்லை. தறி வீடு, குழாயடி, மாடிப்படி வீடு, இஸ்திரி வண்டிக்கு எதிரே என்று வாசல்களைத்தான் அவர் எழுதியிருந்தார். எங்களுக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. மகள் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். மறுவாரம் அவரே நோட்டுகளோடு வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தொகை எழுதிய பத்தியின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். பக்கம் பக்கமாக, மூன்று நோட்டு முழுவதும். எவர் வீட்டுக் கடனும் எவர் கண்ணிலும் படக் கூடாது என்று. அதில் எங்கள் வீட்டுப் பக்கமும் இருந்தது. என் அம்மா, "தறி வீடு" என்ற எழுத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். அக்கா, எங்கள் 61 வாசலின் மானத்தையும் பசை தடவிக் காத்தவர் நீங்கள். எந்த வார்த்தையும் இதற்குப் போதாது.

இவ்வளவு இருந்தும் துணியில் ஏழு தவறுகள் இருந்தன. கண்டுபிடித்தவர் எங்கள் பழைய தபால்காரர். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. துணியின் தலைப்பில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, சைக்கிள் ஹாண்டில் பாரைப் பிடித்திருப்பதுபோல் இரண்டு கையையும் முன்னே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டே போனார். எந்த வீட்டில் மணியார்டர், எந்த வீட்டுக்கு வெளிநாட்டுக் கவர், எந்த வீட்டில் கடிதத்தைப் படித்தும் காட்ட வேண்டும் என்பது வரை. ஓரிடத்தில் மட்டும் நின்றார். பாய் சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே ஒரு குறுகிய கதவு. அது இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அங்கே அவர் ஒரு கடிதமும் கொடுத்ததில்லை.

எங்களில் யாருக்கும் அது யார் வீடு என்று தெரியவில்லை. பாய் கடையில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது காசு கொடுத்து வாடகை சைக்கிள் எடுத்து அந்தக் கதவில் மோதி விழுந்தவள் நான். மாவு மில் வரிசையில் தூக்குவாளியோடு அதன் படியில் உட்கார்ந்திருந்தவளும் நான்தான். அண்ணாச்சி நோட்டில் தேடினோம். அந்த வாசலின் பெயரில் கணக்கே இல்லை.

சொன்னவர் மீன்கார அம்மா. கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்க, வீராம்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டுவந்திருந்தார். துணியைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்தக் கதவு அக்காவுடையது என்றார். தனியாக இருந்தவராம். விடியற்காலை நான்கு மணிக்குத் தெருவைப் பெருக்கி, சாக்கடையை வழித்துவிட்டு, ஊர் எழுந்திருப்பதற்குள் கதவைச் சாத்திக்கொள்வாராம். மீன் கூடையோடு அந்த நேரத்தில் தெருவுக்குள் நுழைகிறவர் இவர் ஒருவர்தான் என்பதால், இருவருக்கும் பேச்சு உண்டு. ஒரு கை நெத்திலி வாங்குவார், கடன் சொல்ல மாட்டார், உடனே காசு கொடுத்துவிடுவார். தானே புயல் அடித்த 2011 டிசம்பரில் வீட்டின் மேற்கூரைத் தகடு பறந்துவிட, யாரோ உறவினர் வந்து அழைத்துப் போனார்களாம். எங்கே என்று தெரியாது. அக்கா என்றுதான் கூப்பிட்டேன், பெயர் கேட்டுக்கொண்டதில்லை என்றார்.

நாங்கள் எழுந்து வந்து கோலம் போட்ட தரையை முதலில் பெருக்கியவர் அவர். எங்கள் தெரு எவ்வளவு சுத்தம் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறோம். அவருடைய முகத்தை என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதை எண்ணி நான் வெட்கப்படுகிறேன். மீன்கார அம்மாவுக்கு நான் சொல்லும் நன்றியில் இந்த வெட்கமும் சேர்ந்திருக்கிறது.

ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, வாய்க்கால் முனையில் இன்னும் நிற்கும் அம்மன் கோயில் வாசலில் துணியைக் கட்டினோம். இடம் கொடுத்த பூசாரி ஐயாவுக்கும், கீற்றுப் பந்தல் போட்டவர்களுக்கும், கேழ்வரகு மூட்டை அனுப்பிய அரியாங்குப்பம் குடும்பத்துக்கும், ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து, வேண்டாம் என்றதும் முகம் கோணாமல் எடுத்துப் போனவருக்கும், கடலூரிலிருந்து பாட்டியைத் தோளில் தாங்கி அழைத்துவந்த இரு பேரன்களுக்கும் நன்றி. வந்தவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் வாசலைத்தான் தேடினார்கள். கண்டதும் விரலை வைத்தார்கள். மாலைக்குள் 61 வாசலிலும் விரல் அழுக்குப் படிந்துவிட்டது. அதைத் துவைக்க வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

துணி இப்போது தையல்காரர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த ஆடியில் மறுபடி கட்டுவோம். பாய் சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே உள்ள கதவில் அக்கா வீடு என்று எழுதி, அதன் கீழே ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறோம். அவர் பெயர் தெரிந்தவர்கள், அவரை எங்கேனும் பார்த்தவர்கள், தயவுசெய்து தெருக்காரர் யாரிடமாவது சொல்லுங்கள். வண்ணமும் தூரிகையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
தறி வீட்டு இரண்டாவது மகள்